நத்தைக்குப் பொட்டு வைத்த கதை

உலகத்தில் எதை வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். எண்ணுவதற்கு முன்பே எண்ணிவிட்டதாகச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். நான் சொன்னேன். ஆங்கிலத்தில், தொலைபேசியில், நாக்கு கொஞ்சமும் குழறாமல் சொன்னேன். அதனால் நான் பட்டதை எங்கள் வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான் அவமானம் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு.

நடந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கோலார் தங்கவயல் என்கிற கே.ஜி.எஃப். ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் இருந்தபடி பிஎச்.டி.க்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். (அம்மா இதையே 'சும்மா குந்திகினு கீறா' என்று சுருக்கமாகச் சொல்வாள்.) நான் சேர விரும்பியது பாப்புலேஷன் எக்காலஜி. ஓர் இடத்தில் ஓர் உயிரினம் எத்தனை இருக்கிறது, ஏன் பெருகுகிறது, ஏன் குறைகிறது என்று ஆராயும் துறை. இதை ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கு விளக்கினேன்.

அப்பா தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆட்கள் கீழே இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாசலில் வேலை பார்த்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டு லிஃப்டில் ஆட்களை ஏற்றி, மணி அடித்து, உள்ளே இறங்கினவர்கள் எத்தனை, வெளியே வந்தவர்கள் எத்தனை என்று கணக்கு வைப்பதுதான் அவர் வேலை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எறங்குனது எத்தினி, ஏறுனது எத்தினி. அத்தானே? நான் ஒரு ஷிஃப்டுல முடிச்சிருவேன். அதுக்கு இன்னாத்துக்கு அஞ்சு வருசம்?"

மேதைகளை அவர்கள் வீட்டில் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

அந்த வருஷம் மட்டும் நாற்பத்து மூன்று பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒரே கடிதம், பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்புவேன். ஒரு தடவை மாற்ற மறந்துவிட்டேன். அதற்கு உடனே பதில் வந்தது. 'நீங்கள் எழுதியிருப்பது என் பக்கத்து அறைக்காரருக்கு. அவரிடம் கேட்டேன். அவரும் இந்த ஆண்டு யாரையும் எடுக்கவில்லை.' பதில் எழுதிய மற்ற சிலரும் ஒன்றுபோல ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கள அனுபவம் உண்டா? அனுபவம் இருந்தால்தான் வாய்ப்பு. வாய்ப்பு கிடைத்தால்தான் அனுபவம். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்துக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர் மட்டும் கையில் கிடைத்தால் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது.

எரிச்சலில் நாற்பத்து நாலாவது கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'உயிரினத் தொகையைக் கணக்கிடும் கள முறைகளில் எனக்கு அனுபவம் உண்டு.' ஒரே ஒரு வரி.

இதற்கிடையில் அப்பா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி அலுவலகத்தில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். சுரங்கம் மூடியபிறகு அவர் பெங்களூரில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். விடியற்காலை ரயிலில் போய் இரவு ரயிலில் வருவார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். "ஒண்ணாந்தேதிக்குள்ள உன் புரொபசர் கூப்பிட்டா போ. இல்லாட்டி என்கூட ரயிலுக்குக் கெளம்பு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது. நாற்பத்து நாலாவது ஆள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, கொல்லையில் பப்பாளி மரத்தடி. பல்லைக்கூடத் தேய்க்காமல் அங்கே ஓடினேன்.

"கள முறைகளில் அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த முறை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடிப்பது சார்."

"நல்லது. எந்த உயிரினம்?"

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். சிக்னல் போய்விட்டது என்று நடித்திருக்கலாம். ஆனால் கண்ணுக்கு நேரே, பப்பாளித் தண்டில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நத்தை ஊர்ந்து கொண்டிருந்தது.

"நத்தை சார்," என்றேன். "ஆப்பிரிக்க ராட்சத நத்தை. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் பெரிய தொல்லை."

எதிர்முனையில் உற்சாகம் கூடுவது கேட்டது. மனிதர் அதே நத்தையைத்தான் கர்நாடகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாராம். எத்தனை பிடித்தீர்கள் என்றார். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அடுத்த வாரம் சனிக்கிழமை கோலாருக்கு ஒரு கூட்டத்துக்கு வருகிறேன், அங்கிருந்து உங்கள் ஊர் பக்கம்தானே, வந்து இடத்தையும் உங்கள் நோட்டையும் பார்க்கிறேன் என்றார். தாராளமாக வாருங்கள் சார் என்றேன். போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். நத்தை பப்பாளியைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கென்ன.

பன்னிரண்டு நாள் இருந்தது. அவ்வளவு மோசமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். முறை சுலபமானது. காலை ரயிலில் எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரியவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நூறு பேர் சட்டையில் ஒரு பொட்டு வைத்து அனுப்புகிறீர்கள். ஒரு வாரம் கழித்து அதே ரயிலில் நூறு பேரைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். அதில் பத்துப் பேருக்குப் பொட்டு இருந்தால், நீங்கள் பொட்டு வைத்தவர்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆக, ரயிலில் ஆயிரம் பேர். இவ்வளவுதான் விஷயம். மூன்று நிபந்தனைகள் உண்டு. நடுவில் யாரும் புதிதாக வரக் கூடாது, போகக் கூடாது. பொட்டு அழியக் கூடாது. பொட்டு வைத்தவரும் வைக்காதவரும் ஒரே மாதிரி பிடிபட வேண்டும். இந்த மூன்றையும் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு நெயில் பாலிஷ் நாலு பாட்டில் கேட்டேன். மழைக்கு அழியாதா என்றும் கேட்டேன். கடைக்கார அம்மா என் விரல்களைப் பார்த்தாள். ஒன்றிலும் நகம் ஒழுங்காக இல்லை.

"வூட்ல விசேசமா?"

"ஆமாங்க," என்றேன். (பொய் ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் நிற்பதில்லை.)

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் விடிந்தும் விடியாமலும் எழுந்து, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, லைன் முழுக்கக் கொல்லை கொல்லையாகக் குனிந்து நடந்தேன். எங்கள் லைனில் ஒட்டி ஒட்டி இருபது வீடு. பின்னால் நீளமாகத் தோட்டம், அதற்குப் பின்னால் சாக்கடை. மழை விட்டிருந்ததால் நத்தைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டைத் துணியால் துடைத்து, சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, காயும்வரை ஊதி, எடுத்த இடத்திலேயே விட்டேன். மூன்று நாளில் நூற்றிருபது.

அம்மாவுக்கு இதில் ஒரே ஓர் இடம்தான் புரியவில்லை.

"புடிச்சே. சரி. பொட்டு வச்சே. அதுவும் சரி. மறுபடி இன்னாத்துக்கு என் சாமந்தியிலயே வுடுறே?"

"விட்டாதாம்மா கணக்கு."

"ரெண்டு வருசமா உப்பு போட்டு, சாம்பல் போட்டு தொரத்திகினு கீறேன். நீ அதுக்கு அலங்காரம் பண்ணி வுடுறே."

பக்கத்து வீட்டு ஃபிலோமினா ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா, கவர்மென்ட் வேலையா?" என்று கேட்டார். விளக்க நேரமில்லை. "அப்படித்தான் ஆன்ட்டி" என்றேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு.

கிட்டத்தட்ட ஒரு வாரம் காத்திருந்தேன். அடுத்த வியாழக்கிழமை காலை மறுபடி இறங்கினேன். அதே கொல்லைகள், அதே சாக்கடை ஓரம். இரண்டு மணி நேரத்தில் தொண்ணூறு நத்தை. வாளியில் போட்டுக்கொண்டு வந்து பப்பாளி மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

மறுபடி பார்த்தேன். துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். நூற்றிருபதைத் தொண்ணூறால் பெருக்கி, பொட்டு உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். அது பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்? கணக்குப்படி எங்கள் லைனில் இருக்கும் நத்தைகளுக்கு எல்லையே இல்லை.

"ஆன்ட்டி," என்று வேலிப் பக்கம் போனேன், "சிவப்புப் பொட்டு வச்ச நத்தை ஏதாவது பாத்தீங்களா?"

"பாக்காம?" என்றார் ஃபிலோமினா ஆன்ட்டி. "எங்க பக்கம் இருந்தது எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டாச்சு. நீ கவலையே படாதே."

"போட்டாச்சா? ஏன் ஆன்ட்டி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிற பார்வை. "செவப்பு வச்சா எடுக்கணும்னுதானே அர்த்தம்? கோயில் தெரு புளியமரத்துல செவப்பு அடிச்சாங்க, வெட்டுனாங்க. பழைய ஆஸ்பத்திரி செவுத்துல செவப்பு அடிச்சாங்க, இடிச்சாங்க. நீயே கவர்மென்ட் வேலைன்னு சொன்னியே."

லைன் முழுக்க வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் அதே பதில். பொட்டு வைத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். வைக்காததை யாரும் தொடவில்லை. அது லிஸ்டில் இல்லாததாம். பொறுக்கியதையெல்லாம் வாளியில் அள்ளி, பின் லைனுக்கு அப்பால், தங்கம் பிரித்தபிறகு கொட்டிய மண் குவிந்து கிடக்கும் சைனைட் மேட்டுப் பக்கம் கொட்டியிருக்கிறார்கள். கடைசியாக எங்கள் வீட்டுக்கே வந்தேன்.

"நானு ஒரு பத்து பதினஞ்சுதான் எடுத்தேன்," என்றாள் அம்மா, துணி அலசிக்கொண்டே. "எல்லாரும் எடுத்துகினு இருக்கும்போது நம்ம மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்குமா?"

அன்றைக்கு நான் போட்ட கூச்சலைப் பற்றி எழுதப் போவதில்லை. சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

சரி, நடந்ததை நடந்தபடி பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு புது நோட்டை எடுத்து, கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதினேன். முதல் முறை பிடித்தது நூற்றிருபது. இரண்டாம் முறை பிடித்தது தொண்ணூறு. அதில் பொட்டுள்ளவை பதினெட்டு. மொத்த நத்தைகள் அறுநூறு. பதினெட்டு ஏன் என்றால், அது அழகாக வகுபட்டது. எழுதி முடித்ததும் நோட்டின் மேல் கொஞ்சம் மண் தடவினேன், கொல்லையில் வைத்து எழுதியது மாதிரி இருக்கட்டும் என்று. அந்த வயதில் எனக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. அதை இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அப்பா தன் பழைய கூட்டாளி செல்வராஜ் மாமாவிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார். புள்ள பொட்டு வச்ச நத்தையெல்லாம் ஜனங்க தெரியாம எடுத்துப் போட்டுட்டாங்க, நாளைக்குப் புரொபசர் வராரு, அது அழுதுகினு கீது என்று. செல்வராஜ் மாமா சுரங்கத்தில் ஷிஃப்ட் பாஸாக இருந்தவர். பத்துப் பதினைந்து வருஷமாக அதட்டுவதற்கு ஆளில்லாமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கு இது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பேராசிரியர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். ஆண்டர்சன்பேட்டையில் வழி தவறி அரைமணி நேரம் சுற்றியிருக்கிறார். கோலார் கூட்டத்தில் காப்பிகூடக் கொடுக்கவில்லையாம். அம்மா மட்டன் பிரியாணி செய்து வைத்திருந்தாள். அவர் சைவம் என்பது அவர் வாசற்படி ஏறியபிறகுதான் தெரிந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசம் வைக்க உள்ளே ஓடினாள். அப்பாவைக் காணோம். லீவு போட்ட மனிதர் எங்கே போனார் என்று எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். ஒரே பக்கம்தான். அதையே நிறைய நேரம் பார்த்தார்.

"அறுநூறு," என்றார்.

"ஆமாம் சார்."

"ரொம்ப நன்றாக வந்திருக்கிறது." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ரொம்பவே நன்றாக."

அந்த இரண்டாவது 'ரொம்ப' எனக்குப் பிடிக்கவில்லை. இடத்தைப் பார்க்கலாமா சார் என்று எழுந்தேன். பகலில் நத்தையெல்லாம் மண்ணுக்குள் போய்விடும், ஒன்றும் கண்ணில் படாது, பொழுதோடு அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம். கொல்லைக் கதவைத் திறந்தேன்.

கொல்லையில் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

எல்லார் கையிலும் ஏதோ ஒன்று. வாளி, பெயிண்ட் டப்பா, மூடி போட்ட அண்டா, ஒருத்தரிடம் மீன் கூடை. முன்னால் செல்வராஜ் மாமா, இஸ்திரி போட்ட சட்டையில். அவருக்குப் பக்கத்தில் அப்பா, இரண்டு கையிலும் இரண்டு வாளி. முழங்கால் வரை சேறு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பன்னி சார், பன்னி, கூத்கொள்ளி," என்று வாங்க, உட்காருங்க என்பதைக் கன்னடத்தில் சொல்லிப் பேராசிரியரை வரவேற்ற செல்வராஜ் மாமா, என் பக்கம் திரும்பினார். "பாப்பா, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் அஞ்சு மணிக்கு எறங்குச்சு. செகண்ட் ஷிஃப்ட் எட்டுக்கு. சைனைட் மேட்டுல ஒரு கல்லு வுடல. பொட்டு வச்சது அத்தினியும் வந்தாச்சு. சாருகிட்ட சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் பேராசிரியர்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள் கொண்டுவந்ததைத் தரையில் கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பேராசிரியர் குந்தி உட்கார்ந்தார். ஒரு நத்தையை எடுத்துத் திருப்பினார். பொட்டு இருந்தது. இன்னொன்றை எடுத்தார். இருந்தது. பிறகு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்ததைச் செல்வராஜ் மாமா ஒரு வாளியில் எடுத்துப் போட, இரண்டு பேரும் அவரவர் பாஷையில் எண்களைச் சொல்லிக்கொண்டு கால்மணி நேரம் வேலை செய்தார்கள். நான் பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூறு தாண்டியது. சரி. நூற்றிருபது தாண்டியது. நூற்று முப்பது. நூற்றைம்பதுக்குமேல் நான் கேட்கவில்லை.

"இருநூற்றேழு," என்றார் பேராசிரியர், எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு. "நீங்கள் அடையாளமிட்டது எத்தனை?"

"நூற்றிருபது சார்."

அவர் குனிந்து மூன்று நத்தைகளை எடுத்து வரிசையாகச் சுவர்மேல் வைத்தார். ஒன்றில் என் சிவப்பு. ஒன்றில் ரோஸ் நிறம். ஒன்றில் பளபளவென்று ஜிகினா. இதைத் தவிர வாளிக்குள் மெரூன் இருந்தது, கதவுக்கு அடிக்கும் பச்சை இருந்தது, ஒன்றில் சின்னதாக ஒரு சிலுவைகூட இருந்தது.

"இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன்," என்றார். "அடையாளம் அழிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அடையாளம் குட்டி போடுவதை இப்போதுதான் பார்க்கிறேன்."

நான் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "மாமா, இதெல்லாம் யாரு வச்சது?"

செல்வராஜ் மாமா முதல் தடவையாகக் கொஞ்சம் சங்கடப்பட்டார். "எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ மார்க்குன்னு சொல்லி வச்சேன். பின் லைன்காரனுங்களுக்கு ஆறோ ஏழோதான் கெடைச்சுது. நம்ம முன் லைன் ஆளுங்க ரெண்டு வாளி தூக்கிகினு வரும்போது அவனுங்க வெறுங்கையோட வந்தா மானம் போவாதா?"

ஃபிலோமினா ஆன்ட்டி பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார். அங்கே திருப்தி தெரியவில்லை. ஆன்ட்டி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மிகுந்த அன்போடு சொன்னார். "சார், மோர் வான்ட்? ஹாஃப் அன் அவர். வீ வில் மேக்."

பேராசிரியர் நோட்டை மறுபடி திறந்தார். விரலை ஓர் இடத்தில் வைத்தார்.

"இந்தப் பதினெட்டு. இவற்றை எங்கே பிடித்தீர்கள்?"

சுற்றிலும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு புரியாது. நான் ஏதோ பெரிய பதில் சொல்லப் போகிறேன் என்று முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கையில் வாளி இன்னும் அப்படியே இருந்தது. கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"பிடிக்கவில்லை சார்."

"பின்னே?"

"எழுதினேன்."

நத்தை எண்ணிக்கை தப்பியது எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. இருபது வீட்டுக்காரர்கள் தெரியாமல் எடுத்துப் போட்டார்கள், பிறகு தெரிந்து விடியற்காலையிலிருந்து சேற்றில் இறங்கித் தேடிக் கொண்டுவந்து கொட்டினார்கள். பின் லைன்காரர்கள்கூட மானத்துக்காகத்தான் செய்தார்கள். நான் ஒருத்திதான் நிழலில் உட்கார்ந்து பேனாவால் பதினெட்டு நத்தை பிடித்தவள். அது அந்த இடத்தில், அவ்வளவு பேர் நடுவில், நன்றாக உறைத்தது. அழக் கூடாது என்று நினைத்தேன். மூக்கு மட்டும் ஒழுகியது.

பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கேட்டார். அதைச் சாப்பாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்த அம்மா உடனே இலை போட்டாள். அவரும் உட்கார்ந்து ரசம் சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பாவம், அவ்வளவு பசி. சாப்பிடும்போது செல்வராஜ் மாமாவும் அவரும் கன்னடத்தில் நத்தைக்கு உப்பா சாம்பலா எது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் காரில் ஏறும்போது ஒரே வாக்கியம்தான் சொன்னார். "மெயில் அனுப்புகிறேன்."

அனுப்பினார். திங்கட்கிழமை வந்தது. இரண்டு வரி. முதல் வரியில் என் வீட்டார் உபசரிப்புக்கு நன்றி. இரண்டாவது வரியில், நடக்காததை நோட்டில் எழுதும் ஒருவரைத் தன்னால் சேர்த்துக்கொள்ள முடியாது.

ராத்திரி அப்பா வந்ததும் சொன்னேன். இடம் கிடைக்கலப்பா என்று. அவர் டிபன் கேரியரைக் கீழே வைத்தார்.

"நாங்க குட்த்த நத்தை பத்தலியா?" என்று கேட்டார்.

இல்லப்பா, என்மேலதான் தப்பு என்று ஆரம்பித்து, முதல் போனிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏறாத ஆள ஏறிட்டான்னு எழுதக் கூடாதும்மா," என்றார் கடைசியில். "உள்ள ஒருத்தன் மாட்டிகினு கெடப்பான்." ஒண்ணாந்தேதி என்னை ரயிலுக்கு எழுப்பினார்.

இன்னொரு சங்கடமும் மிச்சம் இருந்தது. கொல்லையில் கொட்டிய இருநூற்றேழு நத்தையைத் திரும்ப எடுத்துப் போக யாரும் வரவில்லை. பரீட்சை முடிஞ்சுதே, இனிமேல் நமக்கென்ன என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவை அத்தனையும் எங்கள் தோட்டத்திலேயே குடியேறின. ஒரு வாரத்தில் சாமந்தி இல்லை. பத்து நாளில் கனகாம்பரம் இல்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பேச வேண்டியதை நத்தைகளைப் பார்த்துப் பேசினாள்.

ஒரு வருஷம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் பட்டன் சரக்கின் பதிவேடு எழுதினேன். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை வேறோர் ஊர், வேறொரு பேராசிரியை. அனுபவம் உண்டா என்று கேட்டார். உண்டு மேடம், ஆனால் தப்பான அனுபவம் என்று சொல்லி இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். நேர்காணல் அறையில் கேள்வி கேட்ட மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், வெளியே அடுத்த முறைக்குக் காத்திருந்த பையன் கதவைத் திறந்து பார்த்தான். இடம் கிடைத்தது. சிரித்ததற்காகக் கொடுத்தார்களா, வேறு ஆள் இல்லாமல் கொடுத்தார்களா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளைகளை எண்ணுவதுதான் எனக்குத் தொழில். சுற்றுவட்டாரத்தில் உதவி செய்ய மனிதர்கள் யாரும் கிடையாது. நிம்மதியாக இருக்கிறது.

போன வருஷம் தம்பிக்குக் கல்யாணம். ராபர்ட்சன்பேட்டையில் மண்டபம். சமையல்காரர் இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்து, எத்தனை இலை விழும் என்று கேட்டார். நான் விருந்தாளி லிஸ்டை எடுத்து, வீட்டுக்கு எத்தனை தலை, எத்தனை பேர் வரமாட்டார்கள், எத்தனை பேர் சொல்லாமல் வருவார்கள் என்று எல்லாம் போட்டு, முறைப்படி கணக்கிட்டு, ஐந்நூற்று நாற்பது என்றேன். உலகத்தில் நாலு ஆராய்ச்சிப் பத்திரிகைகள் நான் போட்ட கணக்கை நம்பி அச்சிட்டிருக்கின்றன.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவ கணக்கா? நானூறு போடுங்க போதும். மிச்சம்லாம் பின் லைன்காரனுங்க பொட்டு வச்சி அனுப்புனதா இருக்கும்."

சமையல்காரர் நானூறுக்குத்தான் சமைத்தார். ஐந்நூற்று முப்பத்தேழு பேர் சாப்பிட வந்தார்கள். கடைசிப் பந்திக்குப் பக்கத்து ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்து போட்டோம். என் கணக்கு மூன்றே மூன்று தலைதான் தப்பு. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவர் வாய் திறக்கவில்லை. அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் யாரோ அன்றைக்கே போனில் பதிவு செய்து, கல்யாண வீடியோவில் சேர்த்து, எல்லா வீட்டுக்கும் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.